நாலு விரற்கடை

எங்கள் சித்தப்பா வாங்கிவந்த பஸ்ஸுக்குக் கிளட்ச் கிடையாது. கியர் போடும் கம்பியும் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மூன்று பொத்தான்கள் மட்டும் இருந்தன. ஒன்றை அமுக்கினால் முன்னால் போகும், ஒன்றை அமுக்கினால் பின்னால் வரும், நடுவில் உள்ளதை அமுக்கினால் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். மற்றதையெல்லாம் வண்டி தானே பார்த்துக்கொள்ளும் என்று சித்தப்பா தெருவில் நின்று எல்லோருக்கும் சொன்னார். சேரன்மகாதேவியில் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் பொருள் எதையும் அதுவரை யாரும் கண்டதில்லை. அதனால் முதல் ஒரு வாரம் எங்கள் வீட்டு முன்னால் கூட்டம் குறையவே இல்லை.

அது எங்கோ வடக்கே ஒரு விமான நிலையத்தில், விமானத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பஸ். வயதாகிப் போனதும் ஏலத்தில் விட்டுவிட்டார்கள். அதற்குப் படி இல்லை. தளம் அவ்வளவு தாழ்வு. ரோட்டோரம் நின்று காலை லேசாகத் தூக்கி வைத்தால் உள்ளே போய்விடலாம். சித்தப்பாவின் கண்ணில் பட்டது அதுதான்.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்து ஜனங்கள் நவகைலாயம் போவார்கள். பாபநாசத்தில் தொடங்கி, ஆறு போகிற வழியே இறங்கி, கரையில் உள்ள ஒன்பது சிவன் கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது. பஸ் பஸ்ஸாகப் போகும். ஆனால் போக ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டு வலி; பஸ் படி ஏற முடியாது. படி ஏற முடியாதவர்களுக்கென்றே ஒரு பஸ் விட்டால் என்ன என்று சித்தப்பாவுக்குத் தோன்றியது. பழைய இருக்கைகளைக் கழற்றிவிட்டு, மெத்தை வைத்த நாற்காலிகள் பத்து, படுத்துக்கொள்ளக் கட்டில் ஆறு, பின்னால் ஒரு சின்னச் சமையல் மேடை, கைப்பிடி வைத்த கழிப்பறை என்று அதை ஒரு வீடாகவே மாற்றினார். அதற்காகத் தன் பங்கு வயலைக் கொடுத்துவிட்டார் என்பது அப்பாவுக்குத் தீராத குறை. ஊர்க்காரர்கள் வேறு சும்மா இருப்பார்களா? கிழவர்களாகப் பார்த்து ஏற்றுகிற பஸ்ஸுக்குக் கைலாசம் என்று வேறு பெயர் வைத்தால் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவருக்குக் கோபமே வராது.

அதை ஓட்ட வந்தவர் டிரைவர் அண்ணாச்சி. கல்லிடைக்குறிச்சிக்காரர். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். சித்தப்பாவைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும் எங்கள் வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். அவருடைய கையைப் பற்றி ஊரில் பெரிய பேர். அவர் முறுக்கிய திருகாணி கழன்றதில்லை, அவர் கட்டிய கயிறு அவிழ்ந்ததில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒரு முறைகூட இழுத்துப் பார்க்க மாட்டார். இழுத்துப் பார்க்கிற யாரையாவது கண்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "பூட்டுன கையி நம்ம கையிதானலே, அதுக்குள்ள என்ன சந்தேகம்?" என்பார்.

இந்தப் பஸ்ஸில் முதல் ஒரு மாதம் அவருடைய இடது கால்தான் பாவம். முப்பது வருஷம் கிளட்ச்சை மிதித்த கால், இல்லாத கிளட்ச்சைத் தேடித் தேடித் தரையை மிதித்தது. கடைசியில் அந்தச் செருப்பை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, காலை மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். ஒற்றைக் காலுக்குப் பென்ஷன் கொடுத்தாயிற்று என்று சித்தி கேலி செய்வாள்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டால் நேரே பஸ்ஸுக்குத்தான் ஓடுவேன். வேலை செய்வதற்கு அல்ல. கட்டில்களில் உருளவும், மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதவும்தான். அண்ணாச்சி தன் பாட்டுக்கு வண்டியைத் துடைத்துக்கொண்டும் தானாகப் பேசிக்கொண்டும் இருப்பார்.

அவர் அதிகம் பேசியது கியர் பெட்டி எண்ணெயைப் பற்றி. கிளட்ச் இல்லாத வண்டியில் எண்ணெய்தான் எல்லாம் என்பார். இஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதே அந்தச் சிவப்பு எண்ணெய்தான். அது குறைந்தால் இஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குக் கேட்காது. கூடினாலும் நுரைத்துக் கெடுத்துவிடும். அளவு பார்க்க ஒரு நீளக் கம்பி உண்டு. ஆனால் இந்தப் பஸ் வந்தபோதே அதன் கம்பியைக் காணவில்லை. வண்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்த ஆள் ஊர் திரும்பும் முன்னால் எண்ணெயைச் சரியான அளவுக்கு ஊற்றிக் காட்டினான். அண்ணாச்சி தானே ஒரு கம்பியைத் தட்டி நேராக்கி, உள்ளே விட்டு எடுத்து, எண்ணெய் நனைந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். பிறகு விரலை வைத்து அளந்தார். நுனியிலிருந்து சரியாக நாலு விரற்கடை.

தினமும் காலையில் வண்டியை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவிப் பார்ப்பார். நிறுத்திவிட்டுப் பார்க்கக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். "நின்னு ஆறின பெறவு பாத்தா அது பொய் அளவு காட்டும். சூடா இருக்கையிலேயே பாத்துரணும்" என்றார். பிறகு கோட்டைப் பார்த்து, "நாலு விரக்கடை" என்று மந்திரம் மாதிரி சொல்லிவிட்டுக் கம்பியைச் செருகுவார். எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

முதல் மார்கழி நன்றாகப் போயிற்று. மடியில் தேங்காயை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதன்முதலாக ஒன்பது கைலாயத்தையும் பார்த்தவர்கள் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணங்களுக்கும் வண்டியைக் கேட்டார்கள். வயலைப் பற்றி அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த ஆயுத பூசையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பூசைக்கு முந்தின நாள் அண்ணாச்சி கியர் பெட்டியின் பழைய எண்ணெயை இறக்கிவிட்டார். சாயங்காலம் புது எண்ணெய் ஊற்றுவதாக ஏற்பாடு. அதுவரை வண்டிக்கு முன்பக்கம் உட்கார்ந்து நம்பர்ப் பலகையின் ஓரத்துக்கும் சக்கர வளையங்களுக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஒரு சாக்கை விரித்து, ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். அந்த வரிசையில் அளவுக் கம்பியும் கிடந்தது. என்னுடைய புத்தகங்களை அம்மா பூசைக்கு வாங்கி வைத்துவிட்டாள், படிக்கக் கூடாது. கைக்கு வேலை இல்லை. மற்ற சாமான்களெல்லாம் பளபளவென்று இருக்க, கம்பி மட்டும் கறுத்துப் போய்க் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்கு உயிரே எண்ணெய்தான் என்றால் கம்பிக்கல்லவா முதல் பொட்டு வைக்க வேண்டும்?

அடுக்களையில் அம்மா குத்துவிளக்கு துலக்கிவிட்டு வைத்திருந்த புளியையும் செங்கல் பொடியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். விளக்கைத் துலக்குவது போலவே துலக்கினேன். கம்பி வெள்ளி மாதிரி ஆயிற்று. கழுவித் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், சிவப்புக் கோட்டைக் காணோம்.

அப்போது அண்ணாச்சி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஏதோ பாடிக்கொண்டு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இன்னொரு கோடு போட்டிருப்பார், அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய கையால் போட்ட ஒன்றை நான் அழித்துவிட்டேன் என்பதே பெரிய குற்றமாகத் தெரிந்தது. வீட்டுக்குள் ஓடி, சித்தியின் அலமாரியிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு வந்தேன். அளவு எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. கம்பியின் நுனியிலிருந்து என் நாலு விரலையும் சேர்த்து வைத்து, அதற்கு மேல் ஒரு கோடு போட்டேன். ஊதி ஊதிக் காய வைத்தேன். கம்பியைச் சாக்கில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பூசைக்கு வைத்த சுண்டல் வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

நாலு விரற்கடை என்றால் நாலு விரற்கடைதானே. யாருடைய விரல் என்று ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அண்ணாச்சி இஞ்சினை ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றி, கம்பியை விட்டு விட்டுப் பார்த்தார். கோடு புத்தம் புதிதாக மின்னியது. அன்றைக்கு அந்த வண்டியில் சிவப்பாக இருந்த எல்லாமே புதிதாகத்தான் மின்னியது. அவர் வித்தியாசமாக எதையும் பார்க்கவில்லை. கோடு வரை வந்ததும் நிறுத்திவிட்டார். டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, "என்ன, இந்தத் தடவ மிச்சம் கெடக்கு. பழசு முழுசா எறங்கலையோ" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாள் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் பஸ்ஸை ஏற்றி இறக்கினார்கள்.

தீபாவளி வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பின்னால் எடுக்கும் பொத்தானை அமுக்கினால் வண்டி யோசிக்கத் தொடங்கியது. மூன்று எண்ணும் வரை பேசாமல் நின்றுவிட்டு, பிறகு பின்னாலிருந்து யாரோ இடித்தது போல் ஒரு குலுங்கலோடு நகரும். அடுத்து, வளைவுகளில் திரும்பும்போது இஞ்சின் மட்டும் உயரமாகக் கத்தும், வண்டி பின்தங்கும். காலையில் நன்றாக இருக்கும். வெயில் ஏறி, வண்டி சூடாகிவிட்டால்தான் இந்தக் கூத்து. அண்ணாச்சி தினமும் முதலில் பார்த்தது எண்ணெயைத்தான். தினமும் அது கோட்டில்தான் இருந்தது. அதனால் அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்.

டவுனிலிருந்து ஒரு லாரி மெக்கானிக் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட்டு போயிட்டுவே" என்றார். கிளட்ச்சே கிடையாதே என்று சித்தப்பா சொன்னதும், அப்படியானால் அதுதான் கோளாறு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்து வந்த எலெக்ட்ரீஷியன் மூன்று பொத்தான்களையும் மாற்றினார். புதுப் பொத்தான்கள் அழகாக இருந்தன. வண்டி அதே மாதிரிதான் இருந்தது. தளம் தாழ்வாக இருப்பதால் வாய்க்கால் பாலத்தில் அடி தட்டி எண்ணெய் ஒழுகுகிறதோ என்று அண்ணாச்சி அடியில் காகிதத்தை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. சித்தி பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். எல்லோரும் கண்ணேறு என்று முடிவு செய்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கும் என் கோட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை என்று சொல்லவே ஆசை. ஆனால் அந்த நாட்களில் நான் பஸ்ஸுக்குள் போய் உட்காருவதை நிறுத்தியிருந்தேன். தெரியாமலா நிறுத்தியிருப்பேன்?

மார்கழி முதல் ஞாயிறு. விடியுமுன் பாபநாசம், பிறகு எங்கள் ஊர்க் கோயில், கோடகநல்லூர், குன்னத்தூர் என்று முறப்பநாடு வரை வண்டி முனகிக்கொண்டே வந்துவிட்டது. பதினாறு பேர். என்னையும் சித்தி துணைக்குக் கூட்டி வந்திருந்தாள். முறப்பநாட்டில் ஆற்றங்கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் கத்தியது. அண்ணாச்சி இன்னும் மிதித்தார், இன்னும் கத்தியது. சக்கரம் அசையவில்லை. நல்ல உச்சி வெயில். உள்ளே ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது.

மீதி நாலு கோயிலுக்கு நடை சாத்தும் முன்னால் போயாக வேண்டும். சித்தப்பா எங்கெங்கோ போன் போட்டு இரண்டு வேன் வரவழைத்தார். வேனுக்கு உயரமான படி. படி ஏற முடியாது என்பதற்காகவே இந்தப் பஸ்ஸில் வந்தவர்களிடம், படி ஏறிக்கொள்ளுங்கள் என்று சித்தப்பா கைகூப்பிச் சொன்னார். பத்துப் பேரை எப்படியோ தூக்கி ஏற்றினார்கள். ஆறு பேரால் முடியவில்லை. ஏழு வருஷமாக வாசல் தாண்டாத ஒரு ரிட்டையர்டு டீச்சர், மடியிலிருந்த ஒன்பது தேங்காயில் மீதி நாலை எடுத்து வேனில் போகிறவர்களிடம் கொடுத்து, தன் பெயர் நட்சத்திரம் சொல்லி உடைக்கச் சொன்னார். பிறகு சாயங்காலம் வரை ஜன்னலோரம் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். சித்தி டம்ளரில் காபி கொடுத்தாள். அண்ணாச்சி வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

கோளாறைக் கடைசியில் கண்டுபிடித்தவர் வள்ளியூரிலிருந்து வந்த ஒரு கிரேன் மெக்கானிக். அந்தப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு இறக்கை தூக்கி மாட்டுகிற பெரிய கிரேன்களில் இதே மாதிரி கியர் பெட்டிதான் என்று யாரோ சொல்லி சித்தப்பா அவரைப் பிடித்தார். போனிலேயே அவர் சொன்ன முதல் வார்த்தை, அடியில் உள்ள ஷாஃப்டைக் கழற்றாமல் வண்டியைக் கட்டி இழுத்துவிடாதீர்கள் என்பது. அப்படியே கழற்றி, லாரியில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர்.

அவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. அண்ணாச்சியை உட்கார வைத்து, டாக்டர் மாதிரி கேட்டார். சூட்டில் வழுக்குகிறதா, ஆறியிருக்கும்போதா? சூட்டில். நேர் ரோட்டிலா, வளைவிலா? முதலில் வளைவில்தான். பின்னால் எடுத்தால் எவ்வளவு நேரம் கழித்து இடிக்கும்? அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். மெக்கானிக் எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டார். சிவப்பாக இருக்க வேண்டியது காபி நிறத்தில் பரவியது.

"எண்ணெ பத்தலயே அண்ணாச்சி. ரொம்ப நாளா பத்தாமலே ஓடியிருக்கு. வளைவுல எண்ணெ ஒரு பக்கமா ஒதுங்கையில பம்பு காத்த உறிஞ்சிருக்கு" என்றார்.

"இருக்காது. நான் தெனமும் பாக்கேன்லா. கோட்டுல இருக்கு" என்றார் அண்ணாச்சி.

மெக்கானிக் வாதாடவில்லை. கியர் பெட்டியின் பக்கவாட்டில் அழுக்கில் மறைந்திருந்த ஒரு சின்னத் திருகாணியைக் காட்டினார். இஞ்சின் ஓடும்போது அதைக் கழற்றினால் அந்த ஓட்டை மட்டத்துக்கு எண்ணெய் நிற்க வேண்டும். அதுதான் கம்பெனி வைத்த அளவு என்றார். கழற்றினார். ஒன்றும் வரவில்லை. மேலே இருந்து எண்ணெய் ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள், ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு லிட்டருக்கு மேல் போன பிறகுதான் அந்த ஓட்டையில் எண்ணெய் எட்டிப் பார்த்தது. அப்போது கம்பியை உள்ளே விட்டு எடுத்தார். எண்ணெய், கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஏறி நின்றது.

"கோடுதான் தப்பு. இது யாரு போட்டது?"

"நான்தான்" என்றார் அண்ணாச்சி.

கம்பியை வாங்கி, நுனியில் தன் நாலு விரலை வைத்துப் பார்த்தார். கோடு அவருடைய சுண்டுவிரலுக்கு அடியில் மறைந்துபோயிற்று. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் மறைந்தது. நான் பாவாடை மடிப்புக்குள் என் கையை ஒளித்துக்கொண்டேன். அதை அந்தக் கம்பியில் வைத்திருந்தால், விரலுக்கு விரல் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு பிடி கிடைத்தது போலிருந்தது. "பிள்ளையும் கூடத்தான் நின்னா. கேளுங்க. நான் அன்னைக்குக் கோடு வரைக்கும் ஊத்தினேனா இல்லையா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா. கோடு வரைக்கும் ஊத்தினாங்க" என்றேன்.

அது சத்தியமான வார்த்தை. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பிள்ளை உள்ளதைச் சொல்லுகிறாள் என்று மெக்கானிக் என் தலையைத் தடவினார். நான் அப்படிச் சொன்னதும்தான் எல்லாம் முடிவாயிற்று. ஊற்றியது சரி, பார்த்தது சரி. அப்படியானால் கோடு போட்டதுதான் தப்பு. அண்ணாச்சி கம்பியைத் துணியால் துடைத்தார். பிறகு பைய, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "பூசைக்கு எல்லாத்துக்கும் பெயிண்ட் தொட்டேன்லா. அப்பதான் இதுக்கும் தொட்டிருக்கேன். தப்பாத் தொட்டிருக்கேன்."

எண்ணெய் ஊற்றியதும் வண்டி நகர்ந்தது. ஆனால் தெருக்கோடி வரைகூடப் போகவில்லை. உள்ளே உள்ள தட்டுகளெல்லாம் கருகிவிட்டன, இவ்வளவு பழைய பெட்டிக்கு அவை இங்கே எங்கும் கிடைக்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். சித்தப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் அண்ணாச்சிக்கு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் சாவியைக் கொண்டுவந்து சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கேட்கக் கேட்க நிற்காமல் போனார். அவருடைய இடது கால் செருப்பு மட்டும் ஒரு வாரம் பஸ்ஸுக்குள் கிடந்தது. பஸ் இரண்டு மழைக்காலம் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று துருப்பிடித்து, பிறகு துண்டு துண்டாக லாரியில் ஏறிப் போயிற்று. சித்தப்பா குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனார். அங்கே ஒரு மில்லில் கடைசி வரை மேஸ்திரியாக இருந்தார். நவகைலாயம் என்ற பேச்சை அவர் எடுத்ததில்லை.

எனக்கு அந்த வயதில் பட்டதெல்லாம் வேலை போன கஷ்டம் மட்டும்தான். அண்ணாச்சிக்குத்தான் பென்ஷன் வருகிறதே, வீட்டில் அவர் சம்சாரம் அப்பளம் போடுகிறார்களே என்று கணக்குப் போட்டு மனத்தை ஆற்றிக்கொண்டேன். வளர்ந்த பிறகு சொல்லிவிடலாம். யாரும் அடிக்க முடியாத வயதில் போய்ச் சொல்லிவிடலாம்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். இப்போது எனக்கே பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பந்தி முடிந்ததும் அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். நன்றாக ஒடுங்கிப் போயிருந்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டு, சிரித்து, வா என்று கூப்பிட்டு உள்ளே வந்தவர், நடையிலேயே நின்று திரும்பிப் போய் மறுபடி ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அவருடைய சம்சாரம் தண்ணீர் கொடுத்தபடி தணிந்த குரலில் சொன்னார்கள். "அந்தப் பஸ்ஸ விட்டதிலேருந்து இப்படித்தான். கேஸ மூடிட்டு மூணு வாட்டி பாக்காவ. ராத்திரி கதவுக்கு நாலு வாட்டி. ஸ்டியரிங்க அதுக்குப் பெறவு தொடவே இல்ல. தன் கைய நம்ப மாட்டேங்காவ."

நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல், புளியிலிருந்து நெயில் பாலிஷ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அண்ணாச்சி முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"யாரு சொல்லி அனுப்பினா? இவளா?" என்று சம்சாரத்தைப் பார்த்தார். "எனக்கு வயசாயிட்டு, மனசு சமாதானம் ஆகட்டும்னு சொல்லுத. நல்ல பிள்ள நீ. ஆனா எனக்கு ஞாபகம் இல்லன்னு நெனச்சியா? நம்பர்ப் பலகைய முடிச்சுட்டு, மிச்சம் பெயிண்ட் இருக்கேன்னு பின்னால வந்து அந்தக் கம்பிய எடுத்தேன். வெயிலு கண்ணுல அடிச்சுது. கோடு போடையில கை ஒரு தடவ நடுங்கிச்சு. அதுகூட ஞாபகம் இருக்கு."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நான் கோடு போட்டு முடிக்கும் வரை அவர் முன்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. இத்தனை வருஷத்தில் தினம் தினம் யோசித்து யோசித்து, தான் செய்யாத தப்பை, வெயிலோடும் நடுக்கத்தோடும் அவரே செய்து முடித்திருந்தார்.

நான் தரையில் என் வலது கையை வைத்து, நாலு விரலையும் சேர்த்துக் காட்டினேன். இந்த விரலால்தான் அளந்தேன் அண்ணாச்சி, இதோ பாருங்கள் என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் நாலு விரலையும் என் விரல்களை ஒட்டி வைத்தார். வயதில் அவர் கை வற்றியிருந்தது. என் கை என் பெண்ணின் துணியைத் துவைத்தும் அரிசி களைந்தும் அகலமாகியிருந்தது. இரண்டு கைக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை.

"பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான். நீ போட்டிருந்தா சரியாத்தான் போட்டிருப்ப" என்றார் அண்ணாச்சி.

என்னைத் தேற்றுகிற மாதிரி கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து, சைக்கிள் பூட்டைப் பார்க்க வாசலுக்குப் போனார். உண்மையை என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அந்தப் பத்து வயதில் நினைத்திருந்தேன். விரல் வளர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாது.